ஏ.எல். போதுமான வேலையில் ஒரு பட்டதாரி: சம்பளத்தில் எவ்வளவு இழப்பு, எவ்வளவு மிச்சம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் கம்பஸில் நாலு வருட முகாமைத்துவப் பட்டம் முடித்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். டவுனில் ஒரு லீசிங் கம்பனியில் வாடிக்கையாளர் சேவைக் கவுண்டரில் வேலை கிடைத்திருக்கிறது. விளம்பரத்தில் கேட்டது ஏ.எல். சித்தி மட்டும். அப்பா, "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும், கொஞ்சம் பொறு" என்று அரசாங்க வேலைக்குக் காத்திருக்கச் சொல்கிறார். தம்பியோ ஓ.எல். உடன் நிறுத்திவிட்டு வயரிங் வேலை செய்து, இந்தக் கவுண்டர் சம்பளத்தைவிடக் கூட உழைக்கிறான். சேர்ந்தால் படித்த நாலு வருடமும் வீணா, சம்பளத்தில் அது எங்கேயாவது தெரியுமா, சேர்வதா காத்திருப்பதா என்பதுதான் கேள்வி.

வீணாகாது. ஆனால் பட்டதாரிக்குரிய வேலையில் அந்த நாலு வருடத்துக்கும் கிடைக்கக்கூடிய கூடுதல் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதிதான் இங்கே கிடைக்கும். அதைவிட முக்கியமான விஷயம், அந்தக் கதிரையில் எவ்வளவு காலம் இருக்கப்போகிறீர்கள், அது உங்களுக்கு என்ன பழக்கித் தரப்போகிறது என்பது. என் முடிவு: சேருங்கள், ஆனால் சில விஷயங்களைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

1970களில் அமெரிக்காவில் பட்டதாரிகள் தொகை பெருகி, மற்றவர்களைவிட அவர்களுக்கு இருந்த சம்பள முன்னிலை குறையத் தொடங்கியது. அப்போதுதான் இந்தக் கேள்வியைப் பொருளியலாளர்கள் பெரிதாக எடுத்தார்கள். 1981 இல் கிரெக் டங்கன், சோல் ஹொஃப்மன் என்ற இருவர் ஒரு எளிமையான வேலை செய்தார்கள். அதுவரை ஒருவர் மொத்தம் எத்தனை வருடம் படித்தார் என்று மட்டும் பார்த்துச் சம்பளத்தோடு பொருத்தினார்கள். இவர்கள் அந்த வருடங்களைப் பிரித்தார்கள்: அவர் செய்கிற வேலைக்குத் தேவையான வருடங்கள், தேவைக்கு மேல் படித்த வருடங்கள், தேவைக்குக் குறைவாக உள்ள வருடங்கள். தேவையான வருடம் ஒவ்வொன்றும் சம்பளத்தை நன்றாகக் கூட்டுகிறது. மேலதிக வருடமும் கூட்டுகிறது, ஆனால் அதில் பாதியளவுதான். குறைவான வருடம் சம்பளத்தைக் குறைக்கிறது. பிறகு பிரித்தானியா, நெதர்லாந்து, ஸ்பெயின், போர்த்துகல் என்று பல நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோதும், மேலதிக வருடத்தின் பெறுமதி தேவையான வருடத்தின் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையில்தான் பெரும்பாலும் வந்தது.

கணக்காகப் பார்ப்போம். கீழே வருபவை விளங்குவதற்காக நான் போடும் இலக்கங்கள், உங்கள் கம்பனியின் சம்பளம் இல்லை. ஏ.எல். வரை 13 வருடம், உங்களுக்கு 17. ஏ.எல். படித்து அதே கவுண்டரில் இருப்பவருக்கு 50,000 ரூபா என்று வையுங்கள். தேவையான வருடம் ஒன்றுக்கு 8 சதவீதம், மேலதிக வருடம் ஒன்றுக்கு 4 சதவீதம். அப்படியென்றால் பட்டம் உண்மையில் தேவைப்படும் வேலையில் இருக்கும் உங்கள் பட்ச் பிள்ளைக்கு 66,000. கவுண்டரில் நீங்கள் 58,000. பக்கத்துக் கதிரையில் இருப்பவரைவிட 8,000 கூட, உங்கள் பட்ச் பிள்ளையைவிட 8,000 குறைவு.

வீட்டில் நடக்கிற வாக்குவாதத்தில் பாதி இங்கேதான் வருகிறது. ஒருவர் பட்ச்காரரோடு ஒப்பிட்டு "நட்டம்" என்கிறார், மற்றவர் பக்கத்துக் கதிரையோடு ஒப்பிட்டு "லாபம்" என்கிறார். இரண்டும் சரி. நாச்சும் சிக்கர்மன் 1991 இல் அமெரிக்கத் தரவில் இந்த இரண்டையும் சேர்த்தே காட்டினார்: தேவைக்கு மேல் படித்தவர், அதே படிப்போடு பொருத்தமான வேலையில் இருப்பவரைவிடக் குறைவாகவும், அதே வேலையில் பொருத்தமான படிப்போடு இருப்பவரைவிடக் கூடவும் உழைக்கிறார்.

ஏன் பாதி? சம்பளத்தின் பெரும்பகுதி கதிரைக்கு உரியது, இருப்பவருக்கு உரியது இல்லை. கவுண்டரில் ஒரு நாளைக்கு இத்தனை தவணைப் பணம் வாங்கலாம், இத்தனை படிவம் நிரப்பலாம். நிதி முகாமைத்துவத்தில் நீங்கள் படித்த பகுப்பாய்வுக்கு அங்கே இடமில்லை. கம்பனிக்கு உங்களால் கூடுதலாக வருகிற பயன், கணக்கில் பிழை குறைவது, ஒரு விஷயத்தைக் கெதியாகப் பிடிப்பது, ஆங்கிலக் கடிதம் எழுதத் தெரிவது போன்றவை. அதற்கு ஏதோ கொஞ்சம் தருவார்கள். 1973 இல் மைக்கல் ஸ்பென்ஸ் சொன்ன இன்னொரு காரணமும் உண்டு: சான்றிதழ் என்பது கற்ற விஷயத்தைவிட, "இவர் ஒரு வேலையைத் தொடங்கினால் முடிப்பார்" என்று முதலாளிக்குக் காட்டும் அடையாளம். அந்த அடையாளம் கவுண்டரிலும் கொஞ்சம் விலைபோகும்.

அரசாங்க வேலையில் இந்தப் பாதியும் ஆரம்பத்தில் இல்லை. இதை அப்பாவிடம் சொல்லவேண்டும். முகாமைத்துவ உதவியாளர் சேவைக்கு ஏ.எல். தான் அடிப்படைத் தகைமை. பட்டத்தோடு போனாலும் அதே சம்பளப் படிநிலையில்தான் தொடங்குவீர்கள். அங்கே மேலதிக வருடத்தின் விலை முதல் நாளில் பூச்சியம். பிறகு நிர்வாக சேவைப் பரீட்சை போன்ற கதவுகளுக்குப் பட்டம் பயன்படும், அது உண்மை.

அப்படியிருந்தும் ஏன் எல்லோரும் கோறணமேந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, அப்பாவைக் குறைசொல்ல முடியாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக, கட்டம் கட்டமாக உயர்த்தப்படும் என்று அறிவித்தார்கள். தனியார் துறையில் சட்டப்படியான ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. இதற்கு மேல் லீவு, கடன் வசதி, வேலை நிரந்தரம். கலியாணப் பேச்சில் கிடைக்கிற மரியாதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, வரிசையில் நிற்பது குடும்பத்துக்குக் கணக்கு ஒத்துவருகிற முடிவுதான்.

இந்த விவாதம் இலங்கைக்குப் புதிதும் இல்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பிறகு, படித்த இளைஞருக்கு ஏன் வேலையில்லை என்று ஆராய சர்வதேச தொழில் அமைப்பின் குழு ஒன்று டட்லி சியர்ஸ் தலைமையில் வந்தது. ஏட்டுக்கல்வி இளைஞரிடம் உருவாக்கிய எதிர்பார்ப்பும் நாட்டில் இருந்த வேலைகளும் பொருந்தவில்லை என்பது அவர்கள் கண்ட முக்கிய காரணம். பின்னாளில் உலக வங்கியின் மார்ட்டின் ராமா வேறு மாதிரிச் சொன்னார்: பிள்ளைகளின் மனப்பாங்கில் இல்லை கோளாறு, அரச வேலைக்கும் பாதுகாப்பில்லாத மற்ற வேலைக்கும் இடையிலான தர வித்தியாசம்தான் ஆட்களைக் காத்திருக்க வைக்கிறது. நான் இரண்டாவது கருத்தின் பக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு "வெள்ளைக் கொலர்" ஆசை என்று மேடைகளில் திட்டுவதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். நல்ல சம்பளமும் பாதுகாப்பும் உள்ள வேறு வேலை பக்கத்தில் இருந்தால் போகமாட்டார்களா?

இருந்த காலமும் உண்டு. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் இரசாயனம் படித்தவருக்கும் பொறியியல் படித்தவருக்கும் கணக்காளருக்கும் அவரவர் படிப்புக்குரிய வேலை இருந்தது. 1990 இல் போரோடு அது நின்றுபோனது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரில் போனது. படிப்பு நிற்கவில்லை. 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிளிநொச்சியில் பொறியியல் பீடம்வரை வளர்ந்துவிட்டது. பட்டம் வாங்குபவர் கூடிக்கொண்டே போக, அந்தப் பட்டம் தேவைப்படும் கதிரைகள் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் தேவைக்கு மேல் படித்துவிட்டார்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். படிப்புக்கேற்ற வேலையை இங்கே யாரும் போதுமான அளவு உண்டாக்கவில்லை.

அதற்குப் பதிலாக நடந்தது என்ன? 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டுக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் மாதக்கணக்கில் போராட்டம் இருந்தார்கள். 2020 இல் நாடு முழுவதும் ஐம்பதாயிரம் அளவிலான பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு ஒரு வருடப் பயிலுநராக எடுத்தார்கள். பெரும்பாலோர் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனார்கள். குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் படிப்புக்கும் வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மையை அளக்கிற விதத்தில் இது ஒரு பெரிய மறைப்பை உண்டாக்குகிறது. ஒரு வேலைக்குத் தேவையான படிப்பு எது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் பாவிக்கும் ஒரு வழி, அந்த வேலையில் இருப்பவர்களின் படிப்பைச் சராசரி எடுத்துப் பார்ப்பது. பிரதேச செயலகத்தில் விபரம் திரட்டிப் பதிவேட்டில் ஏற்றும் கதிரைகளில் எல்லாம் பட்டதாரிகளை இருத்தினால், அந்த வேலைக்குப் பட்டம் தேவை என்று புள்ளிவிபரம் சொல்லிவிடும். தாளில் எல்லோரும் பொருத்தமானவர்கள். இரசாயனம் படித்தவர் சமுர்த்திப் படிவம் சரிபார்ப்பது எந்த அட்டவணையிலும் தெரியாது.

ஆகவே படிப்பின் மட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. துறையும் பார்க்கவேண்டும், திறன் பாவிக்கப்படுகிறதா என்றும் பார்க்கவேண்டும். துறையைப் பற்றி ஜோன் ரொப்ஸ்ட் 2007 இல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. கலை, சமூகவியல் போன்ற பொதுவான படிப்புப் படித்தவர்கள் சம்பந்தமில்லாத வேலைக்குப் போவது அதிகம், ஆனால் அதனால் சம்பளம் இழப்பது குறைவு. பொறியியல், மருத்துவம் சார்ந்த படிப்புக்காரர் அப்படிப் போவது குறைவு, போனால் விழும் அடி பெரிது. முகாமைத்துவம் இடையில் நிற்கும் படிப்பு. லீசிங் கம்பனி உங்கள் துறைக்கு அந்நியமான இடம் இல்லை. மட்டம் பொருந்தவில்லை, துறை பொருந்துகிறது. கிளிநொச்சியில் பொறியியல் முடித்த பிள்ளை இதே கவுண்டர் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

திறனைப் பற்றி: அர்னோ ஷெவாலியே 2003 இல் பிரித்தானியப் பட்டதாரிகளை இரண்டாகப் பிரித்தார். பட்டம் தேவையில்லாத வேலை என்றாலும் அது தங்களுக்குப் பொருந்துகிறது என்று திருப்தியாக இருப்பவர்கள் ஒரு பக்கம். படித்தது எதுவும் பாவனையில் இல்லை என்று அதிருப்தியில் இருப்பவர்கள் மறுபக்கம். முதல் பிரிவுக்குச் சம்பள இழப்பு சிறிது. இரண்டாவது பிரிவுக்கு மிகப் பெரிது. விளம்பரத்தில் கேட்ட தகைமையைவிட, கதிரையில் இருந்த பிறகு உங்களிடம் என்ன வேலை வாங்குகிறார்கள் என்பதுதான் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இந்த இழப்பு முழுவதும் வேலையால் வந்ததா, ஆளால் வந்ததா? ஒரே மாதிரிப் பட்டம் வைத்திருப்பவர்களிலும் ஆங்கிலம், கணினி, பேச்சு, அனுபவம் எல்லாம் வேறுபடும். ஒரே ஆட்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஜேர்மன் தரவில் இந்த வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோது, பொருத்தமின்மையால் வரும் இழப்பு வெகுவாகச் சுருங்கியது. எனக்கு இது நம்பிக்கை தரும் முடிவு. இழப்பின் ஒரு பகுதியை உங்கள் கையால் திருத்தலாம் என்றுதான் இதற்கு அர்த்தம்.

சரி, காத்திருப்பதா? இதில் ஆய்வுகளே இரண்டு பக்கம் நிற்கின்றன. சிக்கர்மனின் தரவில், தேவைக்கு மேல் படித்தவர்கள் மற்றவர்களைவிடக் கெதியாக மேல் வேலைக்கு மாறினார்கள். கீழ் வேலை அவர்களுக்கு ஏணிப்படி. ஆனால் 2013 இல் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் செய்த ஆய்வு நேரெதிர்: படிப்புக்குக் கீழான வேலையைக் கெதியாக ஏற்ற இளைஞர்கள், தொடர்ந்து தேடியவர்களைவிடப் பிந்தித்தான் பொருத்தமான வேலைக்குப் போய்ச்சேர்ந்தார்கள். வேலையில் இருந்தால் தேட நேரமில்லை, அடுத்த முதலாளியும் "கவுண்டர் ஆள்" என்றே பார்க்கிறார்.

நான் ஏன் இன்னும் சேரச் சொல்கிறேன் என்றால், ஃபிளாண்டர்ஸ் இளைஞருக்கு வேலையற்றோர் கொடுப்பனவு இருக்கிறது, ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள் பல நகரங்களின் வேலைகள் இருக்கின்றன. இங்கே கொடுப்பனவு கிடையாது. பலருக்கு அந்த இடத்தை வெளிநாட்டிலிருந்து அண்ணாவோ சித்தப்பாவோ அனுப்பும் காசு நிரப்புகிறது. அதனால்தான் காத்திருக்க முடிகிறது, ஆனால் அந்தக் காத்திருப்பு அனுபவம் எதையும் தருவதில்லை. பட்டம் முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்த பிள்ளையை நேர்முகத்தில் என்ன பார்வை பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பெண்பிள்ளை என்பதால் இன்னொரு காரணமும் சேர்கிறது. ரொபேர்ட் ஃபிராங்க் 1978 இல் எழுதியது இது: குடும்பத்துக்காக ஒரே இடத்தில் வேலை தேடவேண்டிய பெண்கள் சின்ன வேலைச்சந்தைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள், அதனாலேயே தகுதிக்குக் கீழான வேலையில் அதிகம் இருக்கிறார்கள். கொழும்புக்கு அனுப்ப வீட்டில் விடமாட்டார்கள், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வரும் வேலை வேண்டாம் என்றால், உங்கள் சந்தை யாழ்ப்பாண டவுனின் சில தெருக்களாகச் சுருங்கிவிடும். இது உங்கள் பட்டத்தின் குறை இல்லை. வீட்டில் இதைப் பற்றி ஒருமுறை வெளிப்படையாகப் பேசுங்கள். கொழும்பில் இரண்டு வருட வேலை எந்த மேற்படிப்பையும்விடச் சம்பளத்தைக் கூட்டக்கூடும்.

வெளிநாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடா போனால் எல்லாம் சரியாகும் என்ற நினைப்பு பலரிடம் உண்டு. குடிவரவாளர்கள்தான் இந்தப் பொருத்தமின்மையின் கடுமையான வடிவத்தில் இருப்பவர்கள். ஊரில் படித்த வருடங்களுக்கு அங்கே குறைந்த விலைதான், அதற்கு முக்கிய காரணமே படிப்புக்குக் கீழான வேலையில் போய் நிற்பது. ஸ்காபரோவில் பக்டரிக்குப் போன கணக்கு வாத்திமார் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அங்கே ஒரு வருடமாவது திரும்பப் படித்துச் சான்றிதழ் எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் மேலே வந்தார்கள்.

தம்பியின் கதை வேறு. வயரிங் வேலைக்குரிய திறன் அவனிடம் இருக்கிறது, தாள் இல்லை. இப்போது நன்றாக உழைப்பான், ஏனென்றால் வீடு கட்டுகிறவர் சான்றிதழ் கேட்பதில்லை. பெரிய ஒப்பந்தக் கம்பனி கேட்கும், கட்டார், டுபாய் என்று போகும்போதும் கேட்பார்கள். அங்கேதான் அவனுக்குச் சம்பளம் குறையும். இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. தேசிய தொழில் தகைமையில் (என்.வி.கியூ.) முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு முறை உண்டு: திரும்பவும் வகுப்புக்குப் போகாமல், செய்துவந்த வேலையின் சான்றுகளைக் கொடுத்து, மதிப்பீட்டாளருக்கு முன்னால் செய்து காட்டி, என்.வி.கியூ. 3 அல்லது 4 எடுக்கலாம். செய்த வீடுகளின் படங்கள், கொடுத்த பில்கள், வேலை கொடுத்தவரின் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு டிப்ளோமா மட்டமான 5க்கும் அப்பாலும் போகலாம். உங்கள் வீட்டில் செலவழிக்கும் நேரத்துக்கு ஆகக்கூடிய பயன் தரும் படிப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கம்பனி. கடிதத்தில் கையெழுத்து வைக்க முன், கடந்த இரண்டு மூன்று வருடத்தில் கவுண்டரிலிருந்து கடன் மதிப்பீட்டுப் பிரிவுக்கோ கணக்குப் பிரிவுக்கோ போனவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். மனிதவளத்தில் இருப்பவர் சொல்வதைவிட, அங்கே இப்போது வேலை செய்யும் ஒருவரிடம் வெளியே கேட்பது நல்லது. பட்டதாரிக்கு ஆரம்பப் படி வேறா, ஒன்றா என்று கேளுங்கள். ஒன்றென்றால், வேலையில் உங்களை உறுதிப்படுத்தும்போது மாற்றுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) அல்லது வங்கியாளர் நிறுவகப் பரீட்சைக்குக் கட்டணத்தில் பங்கு தருவார்களா, பரீட்சை லீவு உண்டா என்றும் கேளுங்கள். யாரும் மேலே போகவில்லை என்று தெரியவந்தாலும் சேரலாம், ஆனால் ஒன்றரை வருடத்துக்கு மேல் அந்தக் கவுண்டரில் நிற்கவேண்டாம். முதல் நாளிலிருந்தே மற்ற இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருங்கள்.

அப்பாவுக்கு: அரசாங்க விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்க, வேலையில் இருப்பது தடை இல்லை. வர்த்தமானியை வெள்ளிக்கிழமைகளில் அவரே பார்த்துச் சொல்லட்டும், பரீட்சைக்கு நீங்கள் இரவில் படியுங்கள். முகாமைத்துவ உதவியாளருக்கு மட்டும் போடாமல், பட்டம் கேட்கும் பரீட்சைகளுக்கும் சேர்த்துப் போடுங்கள்.